சாம்பல் நிறப் புள்ளி

அந்த ஆனி மாதம் ஆனந்தவள்ளிக்கு இந்தியாவில் ஓடுகிற ஆறுகள் எல்லாவற்றின் மேலும் ஒரே கோபம். மற்றப் பெண்களுக்குப் புருஷன் சீட்டாடுகிறான், குடிக்கிறான் என்று சண்டைபோட ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். அவளுக்கு வாய்த்தவரோ காலையில் பல் விளக்கியதும் மடிக்கணினியைத் திறந்து, மகாநதியில் தண்ணீர் எவ்வளவு, கோதாவரியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? சொன்னால் சிரிப்பார்கள்.

மேலகரத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் குற்றாலத்து மலை எதிரே தெரியும். அதன் தலையில் மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கொடியில் போட்ட துணி காயவே மாட்டேன் என்றது. சாரல் காற்றோடு வந்து ஜன்னல் கம்பியையெல்லாம் நனைத்துவிட்டுப் போனது. தெருவில் போகிற ஒவ்வொரு ஆட்டோவிலும் ஈரத் தலைகள். ஊரே துண்டும் எண்ணெயுமாக அருவிக்கு ஓடுகிறது. இவர் மட்டும் திரையில் ஆறு பார்க்கிறார்.

"ஏங்க, நாட்டுல உள்ள ஆறெல்லாம் அதுல தெரியுதுல்லா? குத்தால அருவித் தண்ணி ஓடுத நம்ம சிற்றாறு தெரியுதா?"

"தெரியுது. பச்சையில இருக்கு."

"பச்சையின்னா?"

"ஒண்ணும் பயம் இல்லேன்னு அர்த்தம்."

"அப்ப கெளம்புங்க. துண்ட எடுக்கேன்."

"நாளைக்குப் போவோம் வள்ளி."

இந்த நாளைக்கு என்கிற வார்த்தையோடு அவள் குடும்பம் நடத்தி எத்தனையோ காலம் ஆயிற்று.

சுந்தரபாண்டியன் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். ஒயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே இளமையைக் கழித்தவர். சுபேதாராக ஓய்வு பெற்றார். அப்புறமும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் செக்யூரிட்டி அதிகாரியாகப் போய் உட்கார்ந்தார். போன வருஷம்தான் பெட்டி படுக்கையோடு ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தார். அதுவரை ஆனந்தவள்ளிதான் வயலையும் பார்த்து, மகன் சுபாஷையும் வளர்த்து, மாமனார் மாமியாரையும் கரைசேர்த்தாள். அதற்கெல்லாம் அவள் கணக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சீசனில், தண்ணீர் விழும்போது, புருஷனோடு ஒரு தடவை குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கிற அருவிக்கு!

கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டியைக் கேட்டால் தெரியும். குலசாமி கோயில் கொடைத் திருவிழா சித்திரையில் வரும். ஊரில் பட்டாளத்திலும் போலீஸிலும் இருக்கிற அத்தனை பேரும் லீவைக் கொடைக்குத்தான் எடுப்பார்கள். எடுக்காதவனை ஊர் மன்னிக்காது. சித்திரையில் அருவியில் என்ன இருக்கும்? பாறைதான் இருக்கும். சீசன் தொடங்குகிற நேரத்துக்கு லீவு முடிந்து அவர் ரயிலேறி, எங்கேயோ வடக்கே போயிருப்பார். மில்லுக்குப் போன பிறகும் லீவு கொடைக்குத்தான் கிடைத்தது. கொடையும் சீசனும் ஒரே மாதத்தில் வரவில்லை. அவர்களும் சேர்ந்து அருவிக்குப் போகவில்லை. ஊர் திரும்பிய போன வருஷமாவது போகலாம் என்றால், கண்ணில் புரை அறுவை செய்து, டாக்டர் தலைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்றுவிட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். அதுவும் சித்திரை. பேரருவியில் பாறை கறுத்துக் காய்ந்து நின்றது. தண்ணீர் வழிந்த தடம் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடுகோடாகத் தெரிந்தது. அவர் அதற்குக் கீழே போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "இங்கனதான் வள்ளி விழும். ஆளையே தள்ளீரும்" என்று காட்டினார். அவள் கடையத்துக்காரி. பாவாடை கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் அந்தத் தண்ணீரில் தலை கொடுத்தவள். ஆனாலும் அன்றைக்கு ஒன்றுமே தெரியாதவள்போல, "அப்படியா? அவ்வளவு வேகமாவா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். தண்ணீர் இல்லாத அருவியின் கீழே முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த மனுஷனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "அடுத்த சீசனுக்கு லீவு போட்டுட்டு வாரேன்" என்றார். அந்த அடுத்த சீசன் இன்னும் வரவில்லை.

மடிக்கணினி சுபாஷ் கொண்டுவந்து வைத்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை, அப்பா பொழுதுபோகாமல் அம்மாவிடம் வம்பிழுக்கிறாரே என்று, நாட்டு நீர்நிலவரம் காட்டுகிற அரசாங்க இணையதளம் ஒன்றைத் திறந்து காட்டிவிட்டுப் போனான். இந்தியா வரைபடம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஆற்றங்கரையில் தண்ணீர் அளக்கிற ஓர் இடம். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் தண்ணீர் ஏறுகிறது. ஆரஞ்சு என்றால் கரையில் இருப்பவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டும். சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்கள் அதைத் திறந்தால் ஆறுகளைப் பார்ப்பார்கள். சுந்தரபாண்டியன் ஆட்களைப் பார்த்தார். மகாநதிப் புள்ளி என்றால் ஒரிசாக்காரன் பிரதான். கோதாவரி என்றால் சத்யநாராயணா. பம்பை என்றால் குரியன். சிக்னல்ஸ் பிரிவு என்றால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வருவான். ஓய்வு பெற்றதும் அவனவன் ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போய்விடுவான். அந்தக் காலத்தில் காலையில் செட்டைத் திறந்ததும் கன்ட்ரோலில் இருப்பவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் பதில் சொன்ன பிறகுதான் மற்ற வேலை. இப்போதும் அவர் அதைத்தான் செய்தார். "பிரதான், பச்சை. குரியன், பச்சை. சத்யா, மஞ்சளு. ஓஹோ!" என்று வாய்விட்டுச் சொல்லுவார். மஞ்சள் என்றால் போனை எடுத்துவிடுவார்.

போனில் இந்தி. இந்தியில் அவர் வேறு ஆள். கையை ஆட்டிப் பேசுவார், தொடையைத் தட்டிச் சிரிப்பார். அதைப் பார்க்கும்போதுதான் ஆனந்தவள்ளிக்கு வயிறு எரியும்.

"இந்தியில இவ்வளவு சிரிக்கித மனுஷன் தமிழ்ல கொஞ்சம் சிரிச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"தமிழ்ல சிரிச்சா நீ காய்கறி வாங்க அனுப்பிருத" என்றார்.

இந்தக் கூட்டத்தில் ஒருவனை மட்டும் அவளால் கோபிக்க முடியாது. அவன் அசாம்காரன். திபேன் கலிதா என்று பெயர். பிரம்மபுத்திராவில் போய்ச் சேருகிற ஏதோ ஒரு கிளையாற்றின் கரையில் வீடு. அந்த ஆற்றின் பெயர் அவள் நாக்கில் ஏறவே இல்லை. அவனை அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு காலத்தில் மேலகரத்தில் அவளுக்கு மிகவும் பழக்கமான ஆண்குரல் அவனுடையதுதான்.

அப்போது வீட்டில் போன் கிடையாது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜாஹிரா பீவி வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனந்தவள்ளி தலைவாரிப் பூவைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பாள். போனுக்கு எதற்குப் பூ என்று ஜாஹிரா கேலி செய்வாள். வடக்கே பனிமலைமேல் அவர் காவல் இருந்த ராணுவப் போஸ்டிலிருந்து ஊருக்குப் பேச வழியில்லாத நாட்கள் அவை. மலைக்குக் கீழே ராணுவ எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருக்கிற திபேன், மேலிருந்து வருகிற ஒயர்லெஸ்ஸை வெளி லைனோடு எப்படியோ இணைத்துக் கொடுப்பான். விதிப்படி அது கூடாது. கூடாது என்பதால் அவன் செய்யாமலும் இல்லை.

மணி அடிக்கும். எடுத்தால் முதலில் அவன் குரல்தான். "அண்ணி, வணக்கம். சாப்பிட்டாச்சா? ஒரு நிமிசம். லைன் தாரேன்." அவ்வளவு தமிழையும் அவளிடமிருந்தும் புருஷனிடமிருந்தும் கேட்டே பொறுக்கிக்கொண்டவன். அதற்கப்புறம் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு புருஷன் குரல். லைன் விட்டுப்போகாமல் இருக்க திபேன் நடுவில் கேட்டுக்கொண்டே இருப்பான் என்று தெரிந்ததால், அவள் மனசில் இருந்த எதையும் பேச மாட்டாள். சாப்பிட்டீங்களா, குளிரா, சுபாஷுக்குப் பல்லு முளைச்சிருக்கு. ஒரு பேச்சு முடிந்ததும் 'ஓவர்' சொன்னால்தான் எதிர்ப்பக்கம் பேச முடியும். "ஒங்க அம்மாவுக்கு முட்டுவலி கொறைஞ்சிருக்கு, ஓவர்" என்று அவள் சொல்லும்போது பூத்தில் காத்திருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போனபிறகு, கையிலேயே போன் வந்து, முகம் பார்த்தே பேசலாம் என்று ஆனபிறகு, தலைவாரிப் பூவைத்துக்கொண்டு போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. அது அவளுக்கு இன்றைக்கும் குறைதான்.

ஆக, அந்த ஆனியில் குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிய அதே வாரம் அசாமில் ஆறு ஏறியது. இங்கே சாரல் கொண்டுவருகிற காற்றுதான் அங்கே மழையையும் கொண்டுபோகிறது என்று சுந்தரபாண்டியன் சொன்னார். திபேனின் புள்ளி மஞ்சளாயிற்று. கூப்பிட்டுப் பேசினார். "வருஷா வருஷம் வாரதுதான், மாட்ட மட்டும் மேட்டுல கட்டிட்டேன்னு சொல்லுதான்" என்று சிரித்தார். மறுநாள் ஆரஞ்சு. அதற்கடுத்து சிவப்பு. அப்போதும் திபேன் போனை எடுத்தான். ஆனால் பேச்சு சின்னதாக இருந்தது.

பிறகு ஒரு காலை சுந்தரபாண்டியன் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். ஆனந்தவள்ளி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். திரையில் அந்த இடத்தில் சிவப்பு இல்லை. புள்ளி சாம்பல் நிறமாக இருந்தது.

"சிவப்பு போயிட்டுல்லா? வடிஞ்சிருக்கும்" என்றாள்.

"இல்ல வள்ளி. சாம்பல்னா வடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. அங்கனயிருந்து ஒண்ணுமே வரலேன்னு அர்த்தம்."

திபேனைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி கூப்பிட்டார். பிரதானைக் கேட்டார், குரியனைக் கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. சுபாஷிடம் பேசினார். "அப்பா, அளக்குற கருவி வெள்ளத்துல அடிபட்டிருக்கும், டவர் விழுந்திருக்கும், அவ்வளவுதான். சாம்பல்ல காட்டுனா டேட்டா இல்லேன்னு அர்த்தம், ஆளு இல்லேன்னு இல்ல" என்றான். பிள்ளை சொன்னது நியாயம்தான். ஆனால் சிக்னல்ஸில் இருந்தவனுக்கு அந்த நியாயம் ஏறாது. குண்டு விழுகிறது என்று கத்துகிற ஸ்டேஷனைப் பற்றி அவர்கள் பயப்பட மாட்டார்கள். கத்துகிறவன் உயிரோடு இருக்கிறான். சத்தமே இல்லாத ஸ்டேஷன்தான் அவர்களைக் கொல்லும். சிவப்பில் தைரியமாக இருந்த மனுஷன் சாம்பலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். குளியலறைக்குப் போனாலும் போனை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். தட்டில் வைத்த சோறு காய்ந்தது. மேலே மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது; இந்த வருஷம் தண்ணீர் அளவாக, அழகாக விழுகிறது என்று தெருவே பேசியது. ஆனந்தவள்ளிக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க இங்கன உக்காந்து பாத்தா அங்கன வெள்ளம் வடிஞ்சிருமா? எனக்குன்னு ஒரு சீசன் உண்டா இல்லியா? காத்து மாறுனா தண்ணி நின்னு போயிரும். அப்பொறம் அடுத்த வருஷம்பீங்க. எனக்கும் முட்டு தேயுது, ஒங்களுக்கும் வயசாவுது!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு ஸ்டேஷன் பதில் சொல்லலேன்னா ஆபரேட்டர் செட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது வள்ளி. ஒனக்கு ஒண்ணு சொன்னதில்ல. சுபாஷ் ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போது எங்க போஸ்டுக்கு மேல பனி சரிஞ்சிட்டு. ஏரியல் போச்சு. செட்டு போச்சு. நாங்க உள்ள கெடந்தோம். கீழ எல்லாரும் முடிஞ்சுதுன்னுட்டானுவ. திபேன் மட்டும் செட்ட விட்டு எந்திரிக்கலியாம். மாத்து ஆளு வந்தும் எந்திரிக்கலியாம். கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். நாங்க ஒடைஞ்ச செட்ட ஒட்டவச்சு மொதல்ல கேட்டது அவன் கொரலுதான். அவன் நிப்பாட்டியிருந்தா நாங்க எங்கன கெடக்கோம்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்தவள்ளிக்கு நினைவு வந்துவிட்டது. மணி அடித்தது, எடுத்தாள், திபேன் பேசினான். "அண்ணி, இன்னைக்கு லைன் சரியில்ல. அடுத்த வாரம் தாரேன்." அன்றைக்குச் சுபாஷுக்குக் காய்ச்சல், மாமியாரோடு சண்டை, மழையில் நனைந்து நடந்து வந்திருந்தாள். "நீ என்ன பெரிய லைன்காரனா? ஒரு லைன் தரத் துப்பில்ல?" என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தாள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் செட்டுக்கு முன்னால் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தவன் அதைக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம், சொன்னபடி, லைன் தந்தான்.

அவள் அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவளும் அந்தச் சாம்பல் நிறப் புள்ளியைப் பார்த்தாள். அவர் அசந்தபோது போன் அவள் மடியில் இருந்தது. பம்பை, கோதாவரி என்று மற்ற ஆறுகளின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பேர் வாயில் நுழையாத ஓர் ஆற்றுக்காகக் குலசாமியிடம் நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண் இடுங்கி, கன்னம் ஒட்டி, தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. பனியில் கிடந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்தாள். எழுந்து, ஒயர் கூடையில் துண்டையும் வேட்டியையும் நல்லெண்ணெயையும் எடுத்து வைத்தாள்.

"எந்திரிங்க. அருவிக்குப் போறோம்."

"வள்ளி..."

"நான் குளிக்கப் போறதுக்குச் சொல்லல. ஒங்களுக்குத் தலையில தண்ணி விழணும். இல்லேன்னா நீங்க படுத்துருவீங்க. ஒங்க போன் என் கழுத்துல கெடக்கும். நான் படியில நனையாம நிக்கேன். மணியடிச்சா ஓடி வந்து தாரேன். நான்தான் இன்னைக்கு ஆபரேட்டரு. போதுமா?"

"நீ குளிக்கலியா? இத்தன வருஷமா கேட்டியே."

"அங்கன போனாலும் நீங்க ஆம்பளைங்க பக்கம், நான் பொம்பளைங்க பக்கம்தான். என்ன பெருசா கொறஞ்சு போச்சு?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். அதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையில் இல்லை.

பேரருவிக்குப் போகிற வழியில், அல்வாக் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில், கழுத்தில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் உறை ஒன்றை வாங்கி, அவர் போனை அதற்குள் போட்டு மாட்டிக்கொண்டாள். தன் போனைக் கூடைக்குள் எறிந்தாள். அருவி இரைந்துகொண்டிருந்தது. சித்திரையில் அவர் கை தூக்கிக் காட்டிய அதே பாறை முழுக்க இப்போது வெள்ளையாகத் தண்ணீர். காற்றோடு வந்த திவலையே முகத்தை நனைத்தது. அவள் அவர் தலையில் எண்ணெயைத் தேய்த்துவிட்டாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உள்ளே போனார். ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். கழுத்தில் தொங்கிய போனை அவள் தூக்கிக் காட்டினாள். பிறகு தண்ணீர் அவரை மூடிக்கொண்டது.

அவள் படியில் நின்றாள். பெண்கள் பக்கம் பிள்ளைகளும் பெரியவர்களும் கூச்சலிட்டுக் குளிப்பதைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். அது சும்மா தொங்கியது. அப்போதுதான் கூடைக்குள் ஏதோ அதிர்ந்தது. அவளுடைய போன். ஜாஹிரா பீவி. பூத் ஜெராக்ஸ் கடையாகி, ரீசார்ஜ் கடையாகியும், ஜாஹிரா இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ரேஷன் சமாச்சாரமாக இருக்கும், அப்புறம் பேசலாம் என்று அணைக்கப் போனவள், ஏனோ எடுத்தாள்.

"ஏட்டி வள்ளி, எங்கன நிக்க? என்ன இந்த இரைச்சலு?"

"அருவியில நிக்கேன்க்கா. சொல்லுங்க."

"கட் பண்ணிராதட்டி. கடை போனுக்கு ஒரு ஆளு பேசுதான், பழைய லேண்ட்லைனுக்கு. வடக்கத்திப் பேச்சு. நான் ராங் நம்பருன்னேன். அண்ணி, அண்ணிங்கான். ஞாயித்துக்கிழமை போன்காரன் மாதிரி இருக்குட்டி. எனக்கு இத எப்படிச் சேத்துவிடன்னு தெரியாது. ரெண்டு போனையும் வாயும் காதுமா ஒட்ட வச்சுப் பிடிக்கேன். நீ பேசு!"

கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவாள்.

"அண்ணி? வணக்கம் அண்ணி. சாப்பிட்டாச்சா?"

குரல் தளர்ந்திருந்தது. ஆனால் அதே குரல். ஆனந்தவள்ளி கூடையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி! நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும்?"

"வீடு போச்சு அண்ணி. போன் போச்சு. ஆளு எல்லாம் இருக்கு. ஸ்கூல்ல இருக்கு. இன்னொரு ஆளு போன். எல்லா நம்பரும் அந்த போன்ல போச்சு. தலையில ஒரு நம்பர்தான் இருக்கு. அண்ணி நம்பர். முன்னால ஒரு ரெண்டு போட்டேன். மணி அடிச்சாச்சு."

லேண்ட்லைன் எண்களுக்கெல்லாம் பிற்பாடு முன்னால் ஓர் இரண்டு சேர்த்தார்கள்; அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். அவன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை விரலால் சுழற்றிய எண் அது. பிள்ளைகள் எண்கூட நினைவில்லாமல் போன வெள்ளத்தில் அது மட்டும் அவன் தலையில் மிதந்து கரையேறியிருக்கிறது. அன்றைக்கு உன்னைத் திட்டினேனே தம்பி, எனக்குத் தெரியாமல் போச்சே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் குரல் மாறிவிட்டது.

"அண்ணி, அது என்ன சத்தம்? தண்ணி சத்தம்! அங்கயும் தண்ணி வந்துட்டா? பாண்டி எங்க? மேல போ அண்ணி, மேல போ!"

தன் வீட்டை இழுத்துக்கொண்டு போனபோது கேட்ட சத்தம் அவனுக்கு இன்னும் காதில் இருந்தது. ஆனந்தவள்ளி அருவியைப் பார்த்தாள். இவ்வளவு காலம் அவள் ஆசைப்பட்ட சத்தம் அது.

"பயப்படாதீங்க தம்பி. இது நல்ல தண்ணி. குளிக்கித தண்ணி. ஒங்க பாண்டி இதுக்குள்ளதான் நிக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு நிமிசம். லைன் தாரேன்."

கழுத்தில் தொங்கிய உறையிலிருந்து அவர் போனை உருவிக் கூடையில் போட்டாள். தன் போனை, லைன் விட்டுப்போகாமல், உறைக்குள் செருகினாள். கூடையைப் படியிலேயே விட்டுவிட்டு, நேரே ஆண்கள் பக்கம் நடந்தாள். கான்ஸ்டபிள் விசில் ஊதினார். "யம்மா, அந்தப் பக்கம் லேடீஸ்! இங்கன வராதீங்க!" எண்ணெய் தேய்த்த உடம்புகள் திடுக்கிட்டு விலகின. அவள் நிற்கவில்லை. முதல் வீச்சிலேயே சேலை முழுக்க நனைந்தது. தண்ணீர் தோளில் இடித்தது. கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்து நின்றவரின் கையை எட்டிப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். நனைந்து நின்ற பெண்டாட்டியைக் கண்டு வாயைத் திறந்தார். வாய்க்குள் தண்ணீர்தான் போனது.

"பேசுங்க!" என்று அவர் காதில் கத்தினாள். "ஒங்க ஸ்டேஷன் பதில் சொல்லுது!"

கயிறு அவள் கழுத்தில் இருந்தது. அது சின்னக் கயிறு. போனைக் காதில் வைக்க அவர் குனிந்து தன் தலையை அவள் தலையோடு ஒட்ட வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து என்ன கேட்டதோ, அவர் உடம்பு குலுங்கியது. இந்தியில் ஏதோ கத்தினார். பிறகு சிரித்தார், தொடையைத் தட்டிச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. அது பாதியில் உடைந்து அழுகையாயிற்று. விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஆனந்தவள்ளி அசையவில்லை. தலைமேல் அருவி விழ, லைனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.